ஹார்மோன் மாத்திரை எடுத்தா மார்பகப் புற்றுநோய் வருமா?

கேள்வி: அக்காவுக்கு 52 வயசு, பீரியட்ஸ் நின்னுடுச்சு, ராத்திரில திடீர்னு உடம்பு தகிச்சு நைட்டி நனையுற அளவு வேர்க்குது. டாக்டர் ஹார்மோன் தெரபி எடுக்கலாம்ங்கறாங்க, மத்தவங்க கேன்சர் வரும்ங்கறாங்க. நிஜமா?

பதில் 1: இந்த பயமெல்லாம் 2002 ஜூலைல கெளம்புனது. அமெரிக்காவுல டபிள்யூஹெச்ஐன்னு பெண்கள் உடல்நலம் பத்தி ஒரு ஆய்வு, 16,608 பேர், சிலருக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின்னு ரெண்டு ஹார்மோனையும் சேர்த்துக் குடுத்தாங்க, மத்தவங்களுக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை, பாதியிலயே நிறுத்திட்டாங்க. வருஷத்துக்கு 10,000 பேர்ல டம்மி மாத்திரைக்காரங்க 30 பேருக்கு கேன்சர்னா, ஹார்மோன் எடுத்தவங்கள்ல 38. அதை '26 சதவீதம் அதிகம்'னு போட்டதும் எல்லாரும் அலறிட்டாங்க. அதுல இருந்தவங்க சராசரி வயசு 63, அதை யாரும் சொல்றதில்ல.

பதில் 2: அதுக்காக ஒண்ணுமில்லன்னு தள்ளிடாதீங்க. ஏகப்பட்ட பேர் மாத்திரையை விட்டாங்க, 2003ல அங்க மார்பகப் புற்றுநோய் கிட்டத்தட்ட 7 சதவீதம் இறங்குச்சு, அதுவும் 50 தாண்டினவங்களுக்கு, ஈஸ்ட்ரோஜனால வளர்ற வகைதான் அதிகமா கொறஞ்சது. மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கறது கொறஞ்சதாலன்னும் சிலர் வாதாடுனாங்க, அப்படின்னா மத்த வகையும் அதே அளவு கொறஞ்சிருக்கணுமே?

பதில் 3: கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும்தான், அதே ஆய்வுல அவங்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகமாகவே இல்ல. கர்ப்பப்பை இருந்தா புரோஜெஸ்டினும் வேணும், இல்லன்னா கர்ப்பப்பையோட உள்சுவர்ல கேன்சர் வரலாம். அக்காவுக்கு எப்படி?

கேட்டவர்: கர்ப்பப்பை இருக்குங்க. சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்துச்சு.

பதில் 3: அதை டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லுங்க. வேர்வைக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரையும் இருக்கு, அதையும் கேளுங்க.