அப்பாவுக்கு பைக் விபத்து: கோத்தகிரி பக்கம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி?

கட்டபெட்டு மகன்:
அப்பாவுக்கு வயது 52. மூன்று வாரம் முன் வளைவில் எதிரே வந்த பிக்கப் மோதி, வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தது. ஒன்று தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். தலையில் சின்ன ரத்தக் கசிவு, ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலேயே பார்த்தார்கள். நாளை மறுநாள் கோவையிலிருந்து டிஸ்சார்ஜ். இன்னும் ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாதாம். வீடு ரோட்டிலிருந்து 34 படி கீழே. இந்தியன் கக்கூஸ்தான். வீட்டில் அம்மா, நான், பிளஸ் டூ படிக்கும் தங்கை. ஒன்றரை ஏக்கர் தேயிலை அப்பா பெயரில். பிக்கப் ஓனர் தினமும் போன் செய்து "சமாதானமாப் போயிடலாம்" என்கிறார். எதை முதலில் பார்ப்பது?

மலைப் பிசியோ:
தம்பி, முதலில் கட்டில். கட்டில் ஓரம் உட்கார்ந்தால் நல்ல காலின் பாதம் தரையில் முழுதாகப் படும் உயரம் வேண்டும். தரையில் பாய் போட்டால் எழுப்பும்போது அம்மாவின் இடுப்பு போய்விடும். கக்கூஸுக்கு நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி, மெடிக்கல் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். அப்பா ஊருக்கு வரும் முன்பே அது வீட்டில் இருக்கட்டும்.

அடிபட்ட காலைத் தலையணை வைத்து உயர்த்தும்போது தலையணை கெண்டைச் சதை முழுவதற்கும் கீழே வரட்டும், குதிகால் காற்றில் நிற்கட்டும். முழங்காலுக்கு அடியில் மட்டும் சுருட்டி வைத்தால் வலிக்குச் சுகமாக இருக்கும். ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். நம் ஊரில் இன்னொரு வம்பு, கம்பளி. இரண்டு கனத்த கம்பளியின் பாரம் ராத்திரி முழுக்க விரல்களைக் கீழே அழுத்தினால் கணுக்கால் அப்படியே இறுகும், பிறகு குதிகால் தரையில் படாது. ஒரு அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கத்தை வெட்டி, பாதத்தின் மேல் கூடாரம் போல் கவிழ்த்து, அதன்மேல் கம்பளியைப் போடுங்கள். சர்ஜன் கணுக்காலை அசைக்கலாம் என்றிருந்தால், நீளத் துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுத்து முப்பது விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து தடவை, நாளுக்கு நாலு வேளை.

ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரண்டு படுக்க வேண்டும். வால் எலும்பு, குதிகால் இரண்டையும் தினமும் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு போகாவிட்டால் படுக்கைப் புண் ஆரம்பம்.

கெண்டைச் சதை திடீரென்று வீங்கி வலித்தால் நீவிவிடவே கூடாது, அது ரத்தக் கட்டாக இருக்கலாம். அதோடு மூச்சு வாங்கினால் 108. தையல் பக்கம் சிவந்து சூடாகி, சீழோ காய்ச்சலோ வந்தால் அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காதீர்கள். எலும்பு வெளியே வந்த முறிவில் கிருமி உள்ளேயே தங்கும் வாய்ப்பு அதிகம். பீடி சிகரெட் இருந்தால் நிறுத்தவும், எலும்பு கூடுவதை அது தள்ளிப்போடும். இந்த மாதிரி முறிவு கூட நாலு முதல் ஆறு மாதம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். ஆறு வாரத்தில் எல்லாம் சரியாகும் என்று வீட்டில் யாரும் கணக்குப் போட வேண்டாம்.

வீட்டுக்கே வரும் பிசியோதெரபிக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

நியூரோ வார்டு நர்ஸ்:
கால் கண்ணுக்குத் தெரிகிறது, தலை தெரியாது. நான் அதை மட்டும் சொல்கிறேன்.

ரத்தக் கசிவு அடங்கியவருக்கும் சில வாரம் கழித்து மெதுவாக மறுபடி ரத்தம் சேரலாம். தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை பலம் குறைவது, திரும்பத் திரும்ப வாந்தி. இதில் எது வந்தாலும் அன்றே ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும். வலிக்கு டிக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், ரத்தம் கசியும் ஆபத்து கூடும். டிரமடால் என்ற வலி மாத்திரை வலிப்பைத் தூண்டக்கூடியது. வலிப்பு மாத்திரை எழுதியிருந்தால் "நல்லா இருக்காரே" என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

நம் மலைக்கென்றே ஒன்று. குளிருக்கு மூடிய அறையில் கரிக் கணப்பு வைக்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அது கொடுக்கும் தலைவலி, வாந்தி, மயக்கத் தூக்கம் எல்லாம் மூளைக் கசிவின் அறிகுறி மாதிரியே இருக்கும். அறையில் இருக்கும் எல்லோருக்கும் தலை வலிக்கிறது என்றால் சந்தேகம் கணப்பின் மேல்தான். உடனே எல்லோரும் வெளியே வந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்ட பலருக்கு மோப்பமும் குறையும். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு கேஸ் அடுப்பைப் பற்றவைத்துப் போக வேண்டாம்.

திடீர்க் கோபம், கேட்டதையே கேட்பது, மதியமே களைத்துப் போவது, இதெல்லாம் திமிர் இல்லை, காயம். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள், அப்போது டிவியை அணைத்துவிடுங்கள். ஹார்லிக்ஸோடு கும்பலாக வரும் சொந்தக்காரர்களுக்குப் பத்து நிமிடம் போதும். ராத்திரிக் காவலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், 10 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 6 வரை இன்னொருவர். பிளஸ் டூ பெண்ணை அதில் சேர்க்காதீர்கள். கழுவிவிடும் வேலையை மகனோ மாமனோ செய்தால் அப்பாவுக்கும் கூச்சம் குறையும்.

உதகை வக்கீல்:
சமாதானம் பேசுபவரிடம் எந்தப் பேப்பரிலும் கையெழுத்து வேண்டாம், "செலவுக்கு வாங்கிக்கொண்டேன்" என்ற துண்டுச் சீட்டிலும்கூட. தலைக் காயத்தோடு இருக்கும் அப்பாவிடம் தனியாக வந்து வாங்கிவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டதா, இல்லை புகார் வாங்கியதற்கு போலீஸ் கொடுக்கும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதா? இதுதான் முதல் கேள்வி. ரசீது மட்டும் இருந்தால் வழக்கு பலவீனமாகும். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, இரண்டு வண்டிகளின் ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குள் உள்ள மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம், பிக்கப்காரர் ஊருக்கு அலைய வேண்டாம். அதே சட்டத்தின் பிரிவு 164-இல் யார் தப்பு என்று பார்க்காமல் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் உண்டு. அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போடும் இழப்பீட்டு மனு காலாவதியாகிவிடும், அவசரப்பட்டு வாங்காதீர்கள். அப்பா பைக் பாலிசியில் உள்ள 15 லட்சம் சொந்த விபத்துக் காப்பீட்டைப் பலர் நம்பியிருப்பார்கள். அது மரணம், கை கால் கண் இழப்பு, நிரந்தர முழு முடக்கத்துக்குத்தான். எலும்பு முறிவுக்கு ஒரு பைசா வராது.

வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று தீர்ப்பாயம் கேட்கும். ஃபாக்டரி கொடுக்கும் மாதாந்திர இலைக் கணக்குச் சீட்டை ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள். விபத்துக்கு முந்தைய ஒரு வருடம், பிந்தைய மாதங்கள் இரண்டும் வேண்டும். டாக்ஸிக்கும் கமோடு வாடகைக்கும் கூட பில் கேளுங்கள்.

சிகிச்சைச் செலவு இனி வந்தால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீடு உண்டு. விபத்துச் சிகிச்சைக்கான அரசுத் திட்டம் 'நம்மைக் காக்கும் 48' முதல் 48 மணி நேரத்துக்கு மட்டும், உங்களுக்கு அது முடிந்த கதை.

பச்சை இலை:
ஒன்றரை ஏக்கரை விடாதீங்க. ரெண்டு வாரம் தாண்டினா இலை முத்திப்போகும், ஃபாக்டரியில தள்ளுவாங்க, இல்ல விலையைக் குறைப்பாங்க. இப்போதைக்குக் கிலோ கூலிக்கு ஆள் விட்டுப் பறிங்க. ஆள் கிடைக்கலன்னா பக்கத்துத் தோட்டக்காரர்கிட்ட பறிப்பை மட்டும் விடுங்க, குத்தகைப் பத்திரம் எழுத வேண்டாம். செடியை வெட்டிக் கவாத்து அடிச்சுப் போடலாம்னு சிலர் சொல்வாங்க, அப்புறம் சில மாசத்துக்கு ஒரு கிலோ இலைகூட வராது.

இலைப் பணம் அப்பா கணக்குக்குத்தானே போகும்? கையெழுத்துப் போட முடியலன்னா பெருவிரல் ரேகை வச்சே பணம் எடுக்கலாம், ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் ஆபீசர். மேனேஜர்கிட்ட முதல்லயே சொல்லி வைங்க.

கட்டபெட்டு மகன்:
எல்லோருக்கும் நன்றி. எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, நகல் இன்னும் வாங்கவில்லை. அந்த 34 படியை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லுங்கள்.

மலைப் பிசியோ:
முதல் நாள் தூக்கித்தான் இறக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், நாற்காலியின் கால் விரியும். கை வைத்த மர நாற்காலி, இடுப்பில் ஒரு வேட்டிக் கட்டு, நாலு ஆள். ஏற்றினாலும் இறக்கினாலும் அப்பாவின் முகம் பள்ளத்தைப் பார்த்தே இருக்கணும், நாற்காலி சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கணும். காலை ஒருவர் தனியாகப் பிடிக்கட்டும். அதற்கு முன் படியில் பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, ஒரு பக்கம் ஜி.ஐ. பைப் கைப்பிடி அடித்துவிடுங்கள்.

வாக்கர் வீட்டுக்குள் மட்டும், படிக்கு ஆகாது. ஊன்றுகோலில் படி ஏறுவது பிசியோ பக்கத்தில் நின்று பழக்கிய பிறகுதான். அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி, பாரம் உள்ளங்கையில். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். அடி ரப்பரில் வரி தேய்ந்ததும் மாற்றுங்கள். பனி இறங்கிய காலையில் வழுக்கும், வெயில் வந்து படி காய்ந்த பிறகு போனால் போதும்.