புதுப்பிப்பு: மகளுக்குக் கீபோர்டு வாங்கியாச்சு

போன மாதம் கேட்டிருந்தேனே, பியானோ பழகும் பதினான்கு வயது மகளுக்கு 61 கட்டை போதுமா, 88 வேண்டுமா என்று? பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

விலையைப் பார்த்து முதலில் யமஹா பிஎஸ்ஆர்-இ273 என்ற 61 கட்டைக் கீபோர்டு பக்கம்தான் சாய்ந்திருந்தேன். கடையில் மகள் ஒரே கட்டையை மெதுவாகவும் ஓங்கியும் தட்டினாள். சத்தம் மாறவே இல்லை. தொடுகைக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் வசதி அதில் கிடையாது. அதே வரிசையில் வரும் இ373-ல் அது உண்டு, ஆனால் கட்டைகள் லேசு. அதில் பழகிவிட்டு டீச்சர் வீட்டுப் பியானோவில் உட்கார்ந்தால் விரல் திணறும். விற்பனையாளரோ தாளங்களைப் போட்டுக் காட்டுவதிலேயே குறியாக இருந்தார். பியானோ படிக்கிற பிள்ளைக்கு அது எதற்கு?

கடைசியில் வாங்கியது செகண்ட் ஹேண்டில் யமஹா பி-45 டிஜிட்டல் பியானோ. 88 கட்டைகள், நிஜப் பியானோ போலவே இடப்பக்கம் கனம், வலப்பக்கம் போகப்போக லேசு. வாங்கும் முன் ஹெட்போன் மாட்டி ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தோம். மேல் ஸ்தாயியில் ஒன்று மட்டும் 'டக்' என்றது. அதைக் காட்டி இரண்டாயிரம் குறைத்தேன்.

எதிர்பாராத தொல்லை, ஒலியை நீட்டக் காலால் மிதிக்கும் பெடல்தான். கூட வருவது சின்னப் பெட்டி. மிதித்தால் மொசைக் தரையில் நழுவி ஓடுகிறது. இப்போதைக்குப் பழைய யோகா மேட் துண்டு அடியில் கிடக்கிறது. பியானோவைத் தாங்கும் எக்ஸ் வடிவ ஸ்டாண்டும் கொஞ்சம் ஆடுகிறது, தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

இரவு பத்து மணிக்கும் ஹெட்போனோடு வாசிக்கிறாள். வெளியே கேட்பது கட்டைகளின் 'தொம் தொம்' மட்டும். கீழ் வீட்டு மாமி இன்னும் எதுவும் சொல்லவில்லை.