குத்தகை வண்டியைச் சொந்தமாக்கும் கடன்: ஒரு சொல் வேண்டும், வியாழனுக்குள்

ஜெயநகர், பெங்களூர், திங்கள் காலை

எல்லோருக்கும் வணக்கம். கடன் நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. முக்கால்வாசி முடிந்துவிட்டது, ஒரு பத்திதான் இழுக்கிறது.

சங்கதி இதுதான். ஒருவர் அலுவலகம் வழியாகக் குடும்பத்துக்கு ஒரு எஸ்யூவியை லீஸில் எடுக்கிறார். நான்கு வருடம் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். காலம் முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம், லீஸை நீட்டிக்கலாம், இல்லையென்றால் ஒப்பந்தத்தில் முதல் நாளே குறித்துவைத்த தொகையைக் கட்டி வாங்கிக்கொள்ளலாம். இந்த மூன்றாவதுதான் 'லீஸ் பையவுட்'. அதற்கும், அதற்காகத் தரும் கடனுக்கும் பெயர் வேண்டும். இப்போதைக்குக் 'குத்தகைக் கொள்முதல்', 'குத்தகைக் கொள்முதல் கடன்' என்று போட்டிருக்கிறேன். குறித்துவைத்த தொகை 'எச்ச மதிப்பு'. சரியா?

அல்சூர், திங்கள் மதியம்

சரியில்லை அம்மா. 'குத்தகைக் கொள்முதல்' என்ற தொகைச்சொல்லை விரித்துப் பாருங்கள். குத்தகைக்குக் கொள்முதலா, குத்தகையிலிருந்து கொள்முதலா? நான்காம் வேற்றுமையும் பொருந்துகிறது, ஐந்தாம் வேற்றுமையும் பொருந்துகிறது. போதாததற்கு, ஹயர் பர்ச்சேஸுக்கு 'வாடகைக் கொள்முதல்' என்று வணிகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அதில் கடைசித் தவணையோடு பொருள் நம்முடையதாகிவிடும். லீஸில் ஆகாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் படிப்பவர் எதை எதுவென்று எடுப்பார்?

'குத்தகை மீட்பு' என்று வையுங்கள். நகையை மீட்கிறோம், பத்திரத்தை மீட்கிறோம், வண்டியையும் மீட்போமே. கடன் 'மீட்புக் கடன்'. இரண்டு சொல்லில் வேலை முடிந்தது.

மல்லேஸ்வரம், திங்கள் இரவு

மீட்பு வேண்டாம் ஐயா. இருபது வருடமாக வண்டிக் கடன் பார்க்கிற வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். அடகுக் கடையில் இருப்பது என் நகை. லீஸ் வண்டி ஒருநாளும் என்னுடையதில்லை. என்னுடையதாக இல்லாததை எப்படி மீட்பேன்?

இலக்கணத்தை விடுங்கள், பணத்தைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 18 லட்சத்து வண்டி, முதல் நாள் குறித்த தொகை 6 லட்சம் என்று வைப்போம். நான்கு வருடம் கழித்துச் சந்தையில் அதே வண்டி 9 லட்சத்துக்குப் போனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 5 லட்சத்துக்குத்தான் போகும் என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியில் வேறு வண்டி பார்ப்பது புத்திசாலித்தனம். ஆள் யோசிக்க வேண்டிய இடமே இதுதான். அங்கே போய் 'மீட்பு' என்றால், அடகில் போன தாலிச் சங்கிலி மாதிரி மனசு அப்போதே சாய்ந்துவிடும்.

உண்மையில் அவர் வாங்குவது பழைய வண்டி. வட்டியும் பழைய வண்டிக் கணக்கில்தான், புது வண்டி வட்டியை எதிர்பார்த்து வந்து ஏமாறுபவர்கள் நிறைய. லீஸ் கம்பெனி விற்கும்போது ஜிஎஸ்டியும் உண்டு. அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். ஆர்டிஓவில் பெயர் மாற்றப் படிவம் 29, 30. புதுக் கடன்காரர் பெயரை ஆர்சியில் ஏற்ற 34. இத்தனையும் ஒரு விற்பனைக்கான சடங்குகள்.

அப்புறம், 'எச்ச மதிப்பு' என்றால் தேய்ந்தது போக மிஞ்சியது என்றுதான் படிப்பவர் எடுப்பார். அது நான்கு வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் மேஜையில் உட்கார்ந்து குறித்த எண். 'முன்குறித்த விலை' என்று போட்டால் என்ன?

அல்சூர், செவ்வாய் காலை

> லீஸ் வண்டி ஒருநாளும் என்னுடையதில்லை

1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(30). லீஸ், அடமானம், வாடகைக் கொள்முதல் எதுவானாலும், அந்த ஒப்பந்தப்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவரே 'உரிமையாளர்' என்கிறது. சட்டமே சொந்தக்காரர் என்ற பிறகு மீட்பதில் என்ன குற்றம்?

மல்லேஸ்வரம், செவ்வாய் காலை

விபத்து, அபராதம், வரி என்று வரும்போது யாரைப் பிடிப்பது என்பதற்காக வைத்த வரையறை அது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு வண்டியை விற்கப் போய்ப் பாருங்கள்.

மாதுங்கா, மும்பை, செவ்வாய் மதியம்

அடித்தளத்தையே யாரும் பார்க்கவில்லையே. 'குத்தகை' கன்னடத்தில் 'குத்திகே', தெலுங்கில் 'குத்த'. அங்கே மொத்த ஒப்பந்தத்துக்கும் அதே சொல்தான், ஒப்பந்தக்காரர் 'குத்திகேதார'. என் துணிபு: 'குத்தாக', அதாவது மொத்தமாக, என்ற பொருளிலிருந்து வந்தது இது. குத்துமதிப்பிலும் அந்தக் குத்துதான். ஆகவே குத்தகை என்றால் ஒரே தொகையாகப் பேசி முடிப்பது. மாதாமாதம் கட்டுவதற்குப் பொருந்தவே பொருந்தாது!

வாங்குவதற்குத் தமிழில் 'கொள்' இருக்கிறது. பட்டினப்பாலை வணிகரைப் பற்றிக் 'கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது' என்கிறது. கொள்வது வாங்குவது, கொடுப்பது விற்பது. எனவே 'கைக்கொள்கடன்', வினைத்தொகை. யாராவது 'கிரயம்' என்று கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அது வடசொல். சோழர் கல்வெட்டில் 'விலையாவணம்' இருக்கும்போது அது எதற்கு? எஸ்யூவியையும் அப்படியே விட்டுவிட்டீர்கள். 'பெருமகிழுந்து' என் முன்மொழிவு.

ஃப்ரேசர் டவுன், செவ்வாய் மாலை

ஐயா, கைக்கொள்கடன் என்றால் எங்கள் தெருவில் கைமாற்று என்று நினைப்பார்கள்.

இந்த ஊர்ச் சிக்கல் ஒன்றை யாரும் சொல்லவில்லை. பெங்களூரில் 'வீடு லீஸுக்கு' என்று பலகை தொங்கினால் அது நம்மூர் ஒத்தி. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுப்போம், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். கன்னடத்தில் போக்யம். நான் வண்டியை லீஸில் எடுத்திருக்கிறேன் என்றதும் அத்தை கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவுடா கொடுத்தே? விடும்போது முழுசாத் திருப்பித் தருவாங்கல்ல?" நான்கு வருடம் கட்டியதில் ஒரு ரூபாய் திரும்பாது என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அதனால் லீஸ் என்று அப்படியே விடாமல் குத்தகை என்றே போடுங்கள் அக்கா. 'மாதக் குத்தகை' இன்னும் நல்லது.

மயூர் விஹார், டெல்லி, செவ்வாய் இரவு

எச்சம் பற்றி ஒரு வார்த்தை. பெயரெச்சம், வினையெச்சம் படித்தவர்களுக்கு அது சரி. வேப்ப மரத்தடியில் வண்டி நிறுத்துபவர்களுக்கு எச்சம் என்றால் வேறு. 'முன்குறித்த விலை'க்கு என் ஓட்டு.

கடன் தவணைக் காலத்தைப் பற்றியும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதிலிருந்து இங்கே டீசல் எஸ்யூவி வாங்குபவர்கள் வருடத்தை எண்ணித்தான் வாங்குகிறார்கள். நான்கு வருடம் லீஸிலேயே போன வண்டிக்கு ஏழு வருடக் கடன் யார் தருவார்? இதைச் சொல்லாமல் சொல் மட்டும் செய்து என்ன பயன்?

மாதுங்கா, மும்பை, புதன் காலை

எச்சத்தைக் கேலி செய்ய வேண்டாம். வள்ளுவர் 'எச்சத்தாற் காணப்படும்' என்றதற்குப் பிள்ளைகள் என்று ஓர் உரை, விட்டுச்செல்லும் புகழ் என்று இன்னோர் உரை. இவ்வளவு ஆழமான சொல்லை மரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டீர்களே!

ஜெயநகர், புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி. அனுப்பிவிட்டேன், இனி மாற்ற முடியாது. தலைப்பு 'குத்தகை முடிவில் வண்டியை வாங்கக் கடன்'. உள்ளே வரும் இடமெல்லாம் 'குத்தகை முடிவுக் கிரயம்'. கிரயம் என்றால் விற்று வாங்குவது என்று யாருக்கும் தெரியும், பத்திரம் எழுதாத வீடு எது? எச்சம் போய் 'முன்குறித்த விலை' வந்துவிட்டது. எஸ்யூவி எஸ்யூவியேதான், மன்னிக்கவும். வட்டி, ஜிஎஸ்டி பற்றி மல்லேஸ்வரத்தார் சொன்னதையும் டெல்லியில் இருந்து வந்த ஆயுள் கணக்கையும் நிறுவனத்துக்குத் தனியாக எழுதினேன். 'பார்க்கிறோம்' என்றார்கள்.

ஃப்ரேசர் டவுன், புதன் இரவு

கிரயத்துக்கு என் ஓட்டும். மாதக் குத்தகை விழுந்ததில் வருத்தம்தான், பரவாயில்லை.

அல்சூர், வியாழன் காலை

அச்சுக்குப் போனது போகட்டும். கிரயம் நிலத்துக்கும் வீட்டுக்கும். வண்டியை யாரும் கிரயம் பண்ணி நான் கேட்டதில்லை. 'முடிவுக் கிரயம்' என்றால் பேரத்தில் இறுதியாகச் சொன்ன விலை என்றும் படிக்க இடமிருக்கிறது, பக்கத்திலேயே 'முன்குறித்த விலை' நிற்பதால் குழப்பம் இரட்டிப்பு. பிரிவு 2(30)-க்கு நேரான பதில் இன்னும் எனக்கு வரவில்லை. என் வாக்கு மீட்புக்கே.