மருதமரத்து வௌவால்களை விரட்டலாமா?

நிலாவெளி வளவுக்காரன்:
வளவுக்குப் பக்கத்து மருதமரத்தில் வௌவால் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. இந்தமுறை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் பாதி போய்விட்டது. விடியப் போய்ப் பார்த்தால் நிலமெல்லாம் சப்பிப் போட்ட பழம், கிணற்றடியில் எச்சம். கொப்புகளைத் தறிக்கலாம் என்று யோசிக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

தம்பலகாமத்தான்:
தறியுங்கள் அண்ணா. 2018இல் கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் வௌவாலிலிருந்து பரவும் நிபா வைரஸ் வந்து 17 பேர் செத்தார்கள். பிள்ளைகள் ஓடித்திரிகிற வளவு.

இலுப்பையடி:
தறிக்க வேண்டாம் அண்ணா. என் அம்மம்மா விடியற்காலையில் கடகத்தோடு போய், வௌவால் தங்கும் மரத்தின் கீழ்தான் இலுப்பைக்கொட்டை பொறுக்குவா. சதையைச் சப்பிவிட்டு வழுவழுவென்ற மண்ணிறக் கொட்டையை அது போட்டிருக்கும். கோயில் விளக்குக்கு எண்ணெய் அதில்தான். தாய்மரத்து நிழலைத் தாண்டி இலுப்பை முளைக்க வேண்டுமென்றால் யாராவது கொட்டையைத் தூக்கிப் போக வேண்டும். இரவில் அந்த வேலையைச் செய்வது இந்த வௌவால்தான். இந்தப் பெரிய பழந்தின்னி வௌவால் வருசத்துக்கு ஒரு குட்டிதான் போடும். கூட்டம் ஒருமுறை அழிந்தால் மீள எத்தனை வருசம்! மொரீசியசில் பழத்தோட்டக்காரர்களுக்காக 2015இலும் 2016இலும் பல்லாயிரம் பழந்தின்னிகளைச் சுட்டார்கள். 2018இல் அந்த இனம் அருகிவரும் இனப் பட்டியலுக்குப் போனது.

நிபா பயம் நியாயமானது. ஆனால் கோழிக்கோட்டில் பெரும்பாலானோருக்கு நோயாளியிடமிருந்துதான் தொற்றியது. வௌவால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள், கிணற்றை மூடுங்கள். மரத்தைத் தறித்தால் அவை அடுத்த வளவுக்குப் போகும், அவ்வளவுதான்.

தம்பலகாமத்தான்:
வயல் பூச்சியைத் தின்னும் என்று சொல்லாமல் விட்டீர்களே?

இலுப்பையடி:
அது சின்ன வௌவால், தம்பி. பூச்சியைத் தின்பது அதுதான். இது தின்பது பெரும்பாலும் பழமும் பூந்தேனும்தான். இரண்டையும் கலந்து சொல்லி வாதத்தில் வெல்ல எனக்கு விருப்பமில்லை.

நிலாவெளி வளவுக்காரன்:
எல்லாம் சரி தங்கச்சி, என் மாங்காய்க்கு யார் காசு தருவது?

இலுப்பையடி:
நட்டம் நட்டம்தான், மறுக்கவில்லை. முற்றியதும் பறித்து வைக்கோலில் பழுக்க வையுங்கள். மிச்சத்துக்குச் சின்னக் கண் வலையை இறுக்கிக் கட்டுங்கள். பெரிய கண் வலை தொய்ந்தால் குட்டியோடு தாயும் சிக்கிச் செத்துப்போகும்.

நிலாவெளி வளவுக்காரன்:
இரண்டு மரத்துக்கு வலை போட்டுப் பார்க்கிறேன். ஆனால் கிணற்றுக்கு மேலே நிற்கிற கொப்பைத் தறிக்கத்தான் போகிறேன்.

இலுப்பையடி:
அந்த ஒன்றை மட்டும் தறியுங்கள் அண்ணா. குட்டிகள் பறக்கத் தொடங்கியபிறகு.