பயோடீசலில் அடிட்டிவ் ஊற்றினால் மாசு குறையுமா, வேறு வடிவில் வருமா?

டீசல்பித்தன்:
பயோடீசலில் எடைக்கணக்கில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால் கரும்புகை குறைகிறது, ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-ல் தொகுத்த கணக்குப்படி, டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்தால் நுண்துகள் சுமார் 10 சதவீதம் குறைவு, நைட்ரஜன் ஆக்சைடு 2 சதவீதம் கூடுதல். இந்த 2 சதவீதத்துக்கு, எரிபொருளில் சிறிதளவு கலக்கும் வேதிப்பொருளான அடிட்டிவே போதும். எத்தில்ஹெக்சைல் நைட்ரேட் கொஞ்சம் கலந்தால் செட்டேன் எண் ஏறும், அதாவது எரிபொருள் சீக்கிரம் பற்றும், சேர்ந்து நின்று ஒரேயடியாக எரிவது குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும்.

கரித்துகள்:
பீச்சல் பம்ப் வைத்த பழைய இன்ஜினுக்குச் சரி. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் காமன் ரயில் இன்ஜினில் பிரதான பீச்சலுக்கு முன்பே சின்னதாக ஒரு பீச்சல் கொடுத்து அதே வேலையைச் செய்துவிடுகிறார்கள், அடிட்டிவுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. BHT மாதிரி, எரிபொருள் கெடாமல் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட் போட்டால் நைட்ரஜன் ஆக்சைடு குறையலாம், ஆனால் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் ஏறும். இதையா குறைந்தது என்பீர்கள்?

டீசல்பித்தன்:
ஆன்டிஆக்சிடன்டை எப்படியும் போட்டுத்தான் ஆக வேண்டும் நண்பரே. நான் போடாமல் சில மாதம் வைத்திருந்த பயோடீசல் புளிப்பு வாடை அடித்தது, ஃபில்டரைக் கழற்றினால் மடிப்புக்கு மடிப்பு பழுப்புப் பிசின், விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பிசின் இன்ஜெக்டருக்குப் போனால் தெளிப்பே கெட்டுவிடும், அப்புறம் என்ன மாசுக் கணக்கு? சரி, சீரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு பற்றி என்ன சொல்கிறீர்கள்? ஆக்சிஜனைக் கொடுத்து வாங்கிக் கரியை எரிக்கிறதே.

கரித்துகள்:
எரிக்கிறது, மறுக்கவில்லை. 2000-ல் பெஜோ 607 காரில் சீரியம் அடிட்டிவோடுதான் துகள் வடிகட்டி வந்தது. வடிகட்டியில் தங்கும் கரி வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே எரிவதற்காக. ஆனால் கரி எரியும், உலோகம் எரியாது. அப்படி ஓடிய ஒரு வடிகட்டியை அறுத்துப் பார்த்திருக்கிறேன், குழாய்களின் அடைத்த முனையில் சாம்பல் சாக்பீஸ் போல இறுகிக் கிடந்தது. வடிகட்டியே இல்லாத இன்ஜினில் அந்தச் சாம்பல் நேராகக் காற்றுக்குத்தான் போகும். நானோ அளவுத் துகள், நுரையீரலின் அடிவரை இறங்கும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டீசல்பித்தன்:
ஒப்புக்கொள்கிறேன், வடிகட்டி இல்லாத இடத்தில் உலோகம் வேண்டாம். ஆனால் புகைக்குழாயில் யூரியா தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பும் இல்லாத பழைய ஜெனரேட்டருக்கு அதை வேறு எப்படிக் குறைப்பது?

கரித்துகள்:
எரிபொருளைப் பீச்சும் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள். அழுத்தினால் பயோடீசல் டீசலை விடக் குறைவாகவே சுருங்கும், அதனால் அந்த ஜெனரேட்டரின் பம்பில் பீச்சல் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. பின்னுக்குத் தள்ளினால் புகை கூடும்தான், ஆனால் பயோடீசலில் அதற்கு இடம் இருக்கிறது. அதற்கு மேலும் குறைய வேண்டும் என்றால் உங்கள் நைட்ரேட்டைக் கலந்து அளந்து பாருங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.