உப்பாலில் கணு நகர்ந்தால் டெட்லொக் வருகிறது, அவசரம்

தலவாக்கலைப்பொடியன்:
கெம்பஸ் கடைசி வருட புரொஜெக்ட். டவர் எட்டாத தோட்டத்தில் போன்களே ஒன்றுக்கொன்று செய்தி கடத்துவதை உப்பாலில் (மொடலைச் சோதித்துப் பார்க்கும் மென்பொருள்) மொடல் செய்கிறேன். ஒரு கணு என்றால் ஒரு போன். 4 கணுவோடு ஓடியது. ஒன்றை நகர்த்தினால் டெட்லொக், மொடல் மேலே போகாமல் நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை காட்டணும்.

பதுளைரயில்:
எந்த நெறிமுறை? எந்த வகைச் சானல்? நகர்த்துவது எப்படி?

கொழுந்துக்கூடை:
மிஸ்ட்தான் காரணம். எங்கள் லயத்தில் பனி இறங்கினால் சிக்னல் போய்விடும்.

பதுளைரயில்:
அண்ணே, அவர் கேட்பது லெப்டொப்புக்குள் இருக்கிற மொடலை.

மூத்தவன்:
தம்பி, முதலில் ஆர்எஃப்சி 3561ஐப் படியும், ஏஓடிவி என்ற வழிதேடும் நெறிமுறையின் ஆவணம். ஏஓடிவி வழிகளில் சுழற்சியே வராது, செய்தி ஒரே கணுக்களைச் சுற்றிச்சுற்றி வராது என்று 2003இலேயே எழுதிவிட்டார்கள். இதையெல்லாம் மொடல் செய்து என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்?

பதுளைரயில்:
எழுதியதால் ஆகிவிடுமா? வான் கிளாபீக், ஹோஃப்னர் என்ற ஆய்வாளர்களின் குழு 2013இல் காட்டியதே, அதே ஆர்எஃப்சியைச் சில இடங்களில் வேறுவிதமாகப் பொருள்கொண்டால் சுழற்சி வருகிறது என்று. மொடல் செய்ததால்தான் தெரிந்தது. அதுசரி, அவர் ஏஓடிவி என்று உங்களிடம் எப்போது சொன்னார்?

தலவாக்கலைப்பொடியன்:
ஏஓடிவிதான், சொல்ல மறந்துவிட்டேன். சானல் எல்லாம் வெறும் சான் (உப்பாலின் சாதாரண வகை). நகர்த்த, எந்தக் கணுவுக்கு எது எட்டும் என்று காட்டும் மாட்ரிக்ஸில் 1ஐ 0 ஆக்குகிறேன்.

பதுளைரயில்:
அங்கேதான் பிழை. வெறும் சான் கைகுலுக்கல் மாதிரி, மறுபக்கம் கை நீட்ட ஆள் இல்லாவிட்டால் அனுப்புகிறவர் அப்படியே நிற்பார். வழி கேட்கும் செய்தியை புரோட்காஸ்ட் சான் ஆக்குங்கள். கேட்க யாருமே இல்லாவிட்டாலும் அனுப்புகிறவர் நகர்ந்துவிடுவார். மாட்ரிக்ஸ் நிபந்தனையை, செய்தியைப் பெறுகிற கணுவின் அம்பில் (ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் கோடு) வையுங்கள். அந்த அம்பில் கடிகார நிபந்தனை வேண்டாம், உப்பாலின் பழைய பதிப்புகள் ஏற்காது.

ஒரு எச்சரிக்கை: வேறு வேலையில் இருக்கிற கணு அந்தச் செய்தியைச் சத்தமில்லாமல் தவறவிடும். அதனால் ஒவ்வொரு கணுவுக்கும் எந்நேரமும் வாங்கத் தயாராக ஒரு வரிசை வேண்டும். பதில் செய்தி ஒருவருக்கு மட்டும் போவது. அதை வெறும் சானிலேயே விடலாம், ஆனால் மாட்ரிக்ஸில் 0 என்றால் பிழைச்செய்தி அனுப்பும் பாதை ஒன்று கட்டாயம்.

மூத்தவன்:
பை கால்குலஸில் (இப்படி மொடல் எழுதும் ஒரு கணித முறை) எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பதுளைரயில்:
அதுவும் கைகுலுக்கல்தான் ஐயா.

கொழுந்துக்கூடை:
அப்போ பனியில் சிக்னல் போவது ஏன்?

ஹப்புத்தளைக்காற்று:
வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு பனி பொருட்டே இல்லை. நனைந்த மரமும் நடுவில் நிற்கும் மேடும்தான் தடுக்கும்.

கொழுந்துக்கூடை:
ஜூலையில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள்.

தலவாக்கலைப்பொடியன்:
சரியாகிவிட்டது, நன்றி அண்ணா. இப்போது 7 கணுவுக்கு மெமரி நிரம்பி நின்றுவிடுகிறது.

பதுளைரயில்:
வரிசையின் நீளம் எத்தனை வைத்தீர்கள்?