துண்டுத் துணிகளைப் பிரித்து வைத்த அனுபவம்

சென்னையிலிருந்து:

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் தொடங்கிய பதினோரு ஆண்டுகளில், வெட்டி மிஞ்சிய பிட்டுகளில் ஒன்றைக்கூட எறிய மனம் வராமல் சேர்த்ததில், என் கட்டிலுக்குக் கீழே மூன்று அரிசிச் சாக்குகள் நிறைந்துவிட்டன. சென்ற ஐப்பசி அடைமழையில் சுவரோரச் சாக்கில் ஈரம் ஏறி, அம்மாவின் பழைய காரைக்குடிக் கண்டாங்கியிலிருந்து எடுத்து வைத்திருந்த துண்டுகளில் பூஞ்சை கரும்புள்ளிகளாகப் படர்ந்துவிட்டது. எத்தனை முறை துவைத்தும் அவை போகவில்லை. மறுநாளே எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டிப் பிரிக்க உட்கார்ந்தேன்.

முதலில் நிறவாரியாகப் பிரித்தது தவறாகிவிட்டது. நான்கு நாள் உழைத்து அடுக்கிய பிறகு, ஒரே சிவப்புக் குவியலில் பருத்தியும் பட்டும் பாலியெஸ்டரும் கலந்து கிடந்தன. பருத்திக்கு வேண்டிய சூட்டில் இஸ்திரி போட்டால் பாலியெஸ்டர் சுருங்கி உருகிவிடும் என்பதால், அனைத்தையும் கலைத்துத் துணி ரகத்தின்படி மறுபடியும் பிரித்தேன். ஐயமான துணிகளில் நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி, காகிதம் எரியும் வாடையுடன் மெல்லிய சாம்பலாகும். பட்டு, மயிர் பொசுங்கும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும்.

அடுத்தது அளவு, நேரத்தை மிச்சப்படுத்தியது உண்மையில் இதுதான். கடைகளில் கட்டாக விற்கும் 5 அங்குலச் சதுரத்தையே நானும் அளவாகக் கொண்டு, சிறு துண்டுகளை 2½ அங்குலமாக வெட்டினேன். தைக்கும்போது இரண்டும் பொருந்தவில்லை. தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் போவதால், நான்கு 2½ அங்குலச் சதுரங்களை இணைத்தால் கிடைப்பது 4½ அங்குலச் சதுரமே. எனவே பெரியவற்றை 4½ ஆகக் குறைத்தேன். இப்போது எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் ஒன்றுக்கொன்று சேர்கிறது. அரை மீட்டருக்கு மேற்பட்ட துணிகளை 6 அங்குல அகல அளவுகோலில் சுற்றி, அளவுகோலை உருவி, புத்தகம்போல் நிமிர்த்தி அடுக்கியிருக்கிறேன். மேலே உள்ளதைக் கலைக்காமல் வேண்டியதை எடுக்கலாம். வெயில் படும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். மடிப்பு ஓரங்கள் கோடாக வெளுத்துவிடும்.

மதுரையிலிருந்து:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சாயம் போகிறதா என்று பார்க்காமல் எந்தத் துண்டையும் பெட்டியில் போடாதீர்கள். சிவப்புச் சுங்குடித் துண்டுகளை வெள்ளைத் துணியோடு சேர்த்து நான் தைத்த தொட்டில் விரிப்பு, முதல் சலவையிலேயே முழுவதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. ஆறு வார உழைப்பு அது. இப்போது ஒவ்வொரு புதுத் துணியையும் வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் அழுத்திப் பார்த்து, கறை படிந்தால் தனிப் பையில் போடுகிறேன். பூச்சிக்குப் பாட்டி செய்ததுபோல் வசம்பைத் துணியில் முடிந்து வைக்கிறேன்.

தார்வாட்டிலிருந்து:

உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர்ப் பக்கம் வாழும் சித்தி என்னும் ஆப்பிரிக்க வம்சாவளி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையை, ஒரு வீட்டில் அருகிலிருந்து பார்த்தேன். அந்த வீட்டில் பெட்டியும் இல்லை, அளவுகோலும் இல்லை. பழைய சேலை, சட்டைகளின் மூட்டை ஒன்றே இருந்தது. ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்துக்கொண்டே வந்த அந்த அம்மாள், அடுத்த இடைவெளிக்கு எது பொருந்தும் என்று கையாலேயே தடவிப் பார்த்து எடுத்தார். ஊர் திரும்பியதும் என் பெட்டிகளில் ஒன்றை மட்டும் வெட்டாத துண்டுகளுக்கென்று ஒதுக்கிவிட்டேன்.

மீண்டும் சென்னையிலிருந்து:

அந்தக் கண்டாங்கியில் பூஞ்சை படாத பகுதிகளை மட்டும் வெட்டியதில் 2½ அங்குலச் சதுரங்கள் 26 தேறின. சாயமும் பார்த்துவிட்டேன், போகவில்லை.